வயித்து வலின்னு எழுதின பேப்பர்

எங்க சித்தப்பா போயி இந்த ஆவணியோட பதினோரு வருஷம் ஆச்சு. இத்தன வருஷத்துல அவரப் பத்தி நான் ஒரு வரி எழுதினதில்ல. வீட்லயும் பேச மாட்டோம், திதி அன்னிக்கு போட்டோவுக்கு மாலை போடுவோம், அவருக்குப் பிடிச்ச உளுந்து வடை சுடுவோம், காக்காவுக்கு வைப்போம், அவ்ளோதான், எப்படிப் போனாருங்கிறத மட்டும் ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டோம். போன வாரம் செப்டம்பர் 10, உலக தற்கொலை தடுப்பு நாள்னு எல்லாரும் ஸ்டேட்டஸ் வச்சிருந்தாங்க, அதப் பாத்துட்டு ரெண்டு நாளா தூக்கமில்ல, அதான் எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். எப்படி நடந்துச்சுன்னு எழுத மாட்டேன், அது யாருக்கும் தேவையில்ல. அதுக்கு அப்புறம் நடந்தது ஒண்ணு இருக்கு, அதத்தான் சொல்லணும்.

இத படிக்கிறப்ப உங்களுக்கே மனசு கனமா இருந்துச்சுன்னா இங்கயே நிறுத்திட்டு யாருக்காவது போன் பண்ணுங்க. 14416 டெலிமானஸ், அரசாங்கத்தோட மனநல உதவி எண், எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். 104ம் இருக்கு. சென்னைல சினேகான்னு ஒரு தற்கொலை தடுப்பு அமைப்பு, 044-24640050. பதிவு எங்கயும் போயிடாது, அப்புறம் வந்து படிச்சுக்கலாம்.

எங்க ஊரு கடலூர் மாவட்டத்துல மேக்கால, கடல் காத்தே வராத பக்கம், மானாவாரி பூமி. அன்னிக்கு ஜி.எச் பிணவறைக்கு வெளிய வேப்ப மரத்தடில நின்னுக்கிட்டிருந்தோம். ஸ்டேஷன்லேர்ந்து வந்த ரைட்டர் பைக் சீட்டு மேல பேப்பர வச்சு எழுதிக்கிட்டிருந்தாரு. "காரணம் என்னான்னு போடட்டும்?"னு கேட்டாரு. எங்க பெரியப்பா கொஞ்ச நேரம் தரையப் பாத்துட்டு, "ரொம்ப நாளா வயித்து வலிங்க சார், தாங்க முடியாம..."ன்னு இழுத்தாரு. ரைட்டர் நிமிந்து கூட பாக்கல, தீராத வயிற்று வலின்னு மளமளன்னு எழுதிட்டாரு, எத்தன தடவ எழுதின கையோ. பஞ்சாயத்தார்னு நாலு பேரு கையெழுத்து போட்டாங்க. எனக்கு அப்ப இருபத்தாறு வயசு, காலேஜ் முடிச்சு வேலைக்குப் போறவ, சித்தப்பாவுக்கு வயித்து வலியே கிடையாதுன்னு நல்லா தெரிஞ்சவ. நானும் பேசாமத்தான் நின்னேன்.

அவருக்கு இருந்தது கடன். ரெண்டு போர் போட்டாரு, ரெண்டும் புகையா வந்துச்சு, தண்ணி வரல. முதல் போருக்கு சித்தி நகை போச்சு, ரெண்டாவதுக்கு வெளில வட்டிக்கு வாங்கினது. அந்த வருஷம் மக்காச்சோளமும் போச்சு. கடைசி ஒரு மாசம் அவரு வீட்டு வாசப்படில உக்காரவே மாட்டாரு, தெருவுல பைக் சத்தம் கேட்டா கொல்லப்பக்கம் போயிடுவாரு. அப்ப எங்களுக்கு அது புரியல, ஏதோ மாடு பாக்கப் போறாருன்னு நெனச்சோம்.

பெரியப்பா ஏன் அப்படி சொன்னாருன்னு இப்பவும் நான் குத்தம் சொல்ல மாட்டேன். பொழுது சாயறதுக்குள்ள உடம்ப வாங்கணும், வட்டிக்காரன் பேரு பேப்பர்ல வந்தா ஊருக்குள்ள நாளைக்கு பகை, தங்கச்சிக்கு வரன் பாத்துக்கிட்டிருந்தோம், அப்பன் கடன்ல இப்படிப் போனான்னு தெரிஞ்சா எவன் பொண்ணு கேட்டு வருவான். வயித்து வலின்னா கேள்வி இல்ல. எங்க பக்கம் செத்த பாதிப் பேருக்கு வயித்து வலிதான், பேப்பர்ல பாத்தா.

அந்தப் பேப்பர் எங்க போகுதுன்னு ரொம்ப வருஷம் கழிச்சுதான் எனக்குத் தெரிஞ்சுது. ஸ்டேஷன்லேர்ந்து மாவட்டத்துக்கு, அங்கேர்ந்து மாநிலத்துக்கு, அங்கேர்ந்து டெல்லில இருக்கிற தேசிய குற்ற ஆவணக் காப்பகத்துக்கு. அவங்க வருஷா வருஷம் புஸ்தகமா போடுறாங்க, எத்தன பேரு, என்ன வயசு, என்ன தொழில், என்ன காரணம். நான் படிச்ச கணக்கு 2022ஓடது. அந்த வருஷம் நாட்டுல 1,70,924 பேரு. தமிழ்நாட்டுல மட்டும் 19,834, மகாராஷ்டிராவுக்கு அடுத்து நாமதான். காரணம்னு பாத்தா குடும்பப் பிரச்சன 31.7 சதவீதம், அடுத்து நோய் 18.4 சதவீதம். கடனுக்குன்னு தனியா ஒரு கட்டம் இருக்கு. எங்க சித்தப்பா 2014 கணக்குல அந்தக் கட்டத்துல இல்ல, நோய்ங்கிற கட்டத்துல இருப்பாரு. நாங்கதான் அங்க கொண்டு போயி வச்சோம். எங்கள மாதிரி எத்தன வீடு வச்சிருக்கும் சொல்லுங்க. தொழில் கட்டமும் இதே கததான், 2022ல குடும்பத் தலைவின்னு 25,309 பேர போட்டிருக்காங்க, அதுல களை எடுக்கப் போனவங்க, நடவுக்குப் போனவங்க, மாடு வச்சு பால் ஊத்தினவங்க எவ்ளோ பேரோ, கிராமத்துல சும்மா வீட்ல இருக்கிற பொம்பளைய நான் பாத்ததே இல்ல.

2022 நவம்பர்ல மத்திய சுகாதாரத் துறை தேசிய தற்கொலை தடுப்பு திட்டம்னு ஒண்ணு வெளியிட்டாங்க. நம்ம நாட்டுல இதுதான் முதல் தடவ. 2030க்குள்ள இறப்ப பத்து சதவீதம் குறைக்கணும், மூணு வருஷத்துல ஒழுங்கான கண்காணிப்பு முறை, அஞ்சு வருஷத்துல எல்லா மாவட்டத்துலயும் மனநல ஓ.பி, எட்டு வருஷத்துல பள்ளிக்கூடம் காலேஜ்ல மனநலப் பாடம்னு இலக்கு வச்சிருக்காங்க. நல்ல திட்டம்தான், மனசாரச் சொல்றேன், ஒண்ணுமே இல்லாம இருந்த இடத்துல ஒண்ணு வந்திருக்கு. ஆனா முழுசா படிச்சு முடிச்சப்ப எனக்கு தோணினது ஒண்ணே ஒண்ணு, எங்க வீட்டுக்கு வந்து யாரும் கேக்கலயே. சித்தியக் கேக்கல. எங்க தெருவுல மருந்து குடிச்சு பொழச்சு வந்த அண்ணன் ஒருத்தர் இருக்காரு, அவரக் கேக்கல. போலீஸ் எழுதின காரணத்த வச்சுத்தான் திட்டம் போடணும்னா, அந்தக் காரணத்த சொன்னவங்க நாங்க, பயத்துல சொன்னவங்க, பயமில்லாத ஒரு இடத்துல எங்கள திரும்பக் கேக்கணுமில்ல?

பொதுமக்கள் கருத்து கேக்குறதுங்கிறது நம்ம நாட்டுக்கு புதுசு கிடையாது. சட்டம் கொண்டு வர்றதுக்கு முன்னாடி வரைவ குறைஞ்சது முப்பது நாள் மக்கள் பார்வைக்கு வைக்கணும்னு 2014லயே மத்திய அரசு முடிவு பண்ணியிருக்கு. ஆனா அது பெரும்பாலும் ஒரு இணையதளத்துல இங்கிலீஷ்ல ஒரு பி.டி.எஃப், கீழ ஒரு மெயில் ஐ.டி. சித்தி கைல இருக்கிறது பட்டன் போனு. அதே சமயம் ஜனங்க கருத்து சொல்ல மாட்டாங்கன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்கவே மாட்டேன். 2021ல நீட் தேர்வோட பாதிப்ப ஆராய நீதியரசர் ஏ.கே.ராஜன் குழு போட்டாங்கல்ல, கருத்து அனுப்புங்கன்னு கேட்டாங்க, 86,342 பேரு அனுப்பினாங்க. ஒரு மாசம் கூட முழுசா இல்ல, கொரோனா நேரம் வேற. கேட்டா சொல்லுவாங்க, அவங்களுக்குத் தெரிஞ்ச பாஷைல கேக்கணும், அவங்க வாழ்க்கையோட ஒட்டின கேள்வியா கேக்கணும்.

2025 மார்ச்ல உச்ச நீதிமன்றம் உயர்கல்வி மாணவர்களுக்காக ஒரு தேசியப் பணிக்குழு போட்டுச்சு, ஓய்வு பெற்ற நீதிபதி ரவீந்திர பட் தலைமை. அவங்க ஒரு இணையதளம் திறந்து மாணவர்கள், பெத்தவங்க, வாத்தியாருங்க, பொதுமக்கள்னு தனித்தனியா கேள்வி வச்சு கருத்து கேட்டாங்க. இதப் பாத்தப்ப நெஜமாவே சந்தோஷமா இருந்துச்சு. காலேஜ் பசங்களுக்கு இப்படிக் கேக்க முடியுதுன்னா கூலிக்குப் போறவங்களுக்கு ஏன் முடியாது? 2022 கணக்குல நாலுல ஒருத்தருக்கு மேல தினக்கூலிங்க, 26.4 சதவீதம். அவங்க எந்த இணையதளத்துக்கு வருவாங்க? அவங்க வர்ற இடம் நூறு நாள் வேல நடக்குற ஏரிக்கர, ரேஷன் கட, அப்புறம் கிராம சபை.

அதனால ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு லீவு போட்டு ஊருக்குப் போனேன். தலைவர் பதவிக்காலம் முடிஞ்சு போனதால அப்ப தனி அலுவலர்தான். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடில ஷாமியானா, ஒரு எம்பது பேரு இருப்பாங்க, பாதிக்கு மேல பொம்பளைங்க, குடிதண்ணி, தெரு விளக்கு, நூறு நாள் சம்பள பாக்கி, வீட்டு வரின்னு வழக்கமா போற வரிசைல போய்க்கிட்டிருந்துச்சு. கடைசில வேற ஏதாவது இருக்கான்னு கேட்டப்ப எழுந்து நின்னேன். கை நடுங்குச்சு, மைக்கு கூட எனக்குத் தேவப்படல, அவ்ளோ அமைதியா ஆயிடுச்சு. "நம்ம ஊர்ல பதினோரு வருஷத்துல ஏழு பேரு தானா உயிர விட்டிருக்காங்க, அதுல எங்க சித்தப்பாவும் ஒருத்தரு, ஏன்னு நாம ஒரு தடவ கூட பேசினதில்ல, பேசி அரசாங்கத்துக்கு எழுதி அனுப்பலாம்"னு சொன்னேன். நாலு வரிதான். உக்காந்துட்டேன்.

செயலர், "அது சப்ஜெக்ட்ல இல்லம்மா, தீர்மானத்துல வராது"ன்னாரு. தப்பா சொல்லல, அவருக்கு மேலேர்ந்து வந்த பொருள் பட்டியல்ல அது இல்ல. முன்னாடி உக்காந்திருந்த ஒரு தாத்தா, துண்ட உதறி தோள்ல போட்டுக்கிட்டு, "சப்ஜெக்ட்ல இல்லன்னா சேத்துக்கப்பா, செத்ததும் இந்த ஊரு ஆளுங்கதானே"ன்னாரு. யாரும் பேசல. தனி அலுவலர் யோசிச்சுட்டு, மனுவா எழுதி கொடுங்க, அக்டோபர் 2 கூட்டத்துல வைக்கலாம்னு சொன்னாங்க. அவ்ளோதான் நடந்துச்சு கூட்டத்துல.

கூட்டம் கலைஞ்ச பொறகுதான் நெஜமான கூட்டம். பள்ளிக்கூடத்து பைப்படில தண்ணி குடிக்கிற சாக்குல ஒவ்வொருத்தரா வந்தாங்க. ஒரு அக்கா, குழு லோன் வசூலுக்கு வர்றவங்க காலைல ஏழு மணிக்கே வந்து வாசல்ல சேர் போட்டு உக்காந்துடுறாங்க, ஒருத்தி கட்டலன்னா குழுவுல இருக்கிற பத்து பேரும் எழுந்து போகக் கூடாதுன்றாங்க, அன்னிக்கு கூலியும் போகுது மானமும் போகுதுன்னு சொல்லி அழுதாங்க. வலுக்கட்டாயமா கடன் வசூலிக்கிறத தடுக்க 2025லதான் நம்ம சட்டமன்றத்துல சட்டம் போட்டாங்க, அந்த அக்காவுக்கு அது தெரியாது, நான் சொல்லித்தான் தெரியும். இன்னொருத்தரு, பையன் ப்ளஸ் டூ ரிசல்ட் அன்னிக்கு ராத்திரி பூரா அவன் பக்கத்துலயே படுத்திருந்தத சொன்னாரு. ஃபெயிலானவங்க ஒரு வருஷம் காத்திருக்காம உடனே எழுதலாம்னு துணைத்தேர்வு வந்ததுல எத்தன புள்ளைங்க தப்பிச்சிருக்கும். அது வரணும்னு விடாம கேட்டவங்கள்ல சினேகா அமைப்பும் உண்டு, 1986ல சென்னைல டாக்டர் லட்சுமி விஜயகுமார் ஆரம்பிச்சது. தினமும் போன எடுத்து ஃபெயிலான புள்ளைங்க அழறத கேட்டவங்க கேட்டதுனாலதான் அந்த யோசன வந்துச்சு.

பொழச்சு வந்த அண்ணன் கடைசியா வந்தாரு. "எம்மேல கேஸ் போட்டுடுவாங்கன்னு மூணு மாசம் ஆஸ்பத்திரிக்கே திரும்பப் போகல, டாக்டரு வரச்சொன்ன தேதிக்கெல்லாம் போகல"ன்னாரு. 2017ல வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டத்துலயே 115ஆவது பிரிவுல, முயற்சி பண்ணவரு கடும் மன உளைச்சல்ல இருந்ததாத்தான் கருதணும், தண்டிக்கக் கூடாது, சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுக்கிறது அரசோட கடமைன்னு தெளிவா இருக்கு. தற்கொலைக்கு முயற்சி பண்றது குத்தம்னு சொன்ன பழைய தண்டனைச் சட்டத்தோட 309ஆவது பிரிவும் 2024 ஜூலைல போயிடுச்சு. புதுச் சட்டத்துல அரசு ஊழியர கட்டாயப்படுத்தவோ தடுக்கவோ பண்ற முயற்சிக்கு மட்டும்தான் பிரிவு இருக்கு. ஆனா அவருக்கு இத யாரும் சொல்லல. சட்டம் மாறினது அவரு வீட்டுக்கு வந்து சேரல. அவர மாதிரி ஒருத்தர தேசியத் திட்டம் போட்ட எடத்துல உக்கார வச்சிருந்தா முதல் நாளே, "ஆஸ்பத்திரி வாசல்லயே தமிழ்ல பெருசா எழுதிப் போடுங்க, கேஸ் கிடையாதுன்னு"ன்னு சொல்லியிருப்பாரு. எனக்குத் தெரிஞ்சு அந்த ஒரு போர்டே சில உயிர காப்பாத்தும்.

பூச்சிமருந்து பேச்சும் வந்துச்சு, வராம இருக்குமா, எங்க ஊர்ல எல்லா வீட்டுப் பரண்லயும் இருக்கு. இதுல எங்க மாவட்டத்துலயே நடந்த ஒண்ண சொல்லணும். காட்டுமன்னார்கோயில் பக்கத்து கிராமங்கள்ல சினேகா ஆளுங்க ஒரு பொது இருப்பு அறை கட்டினாங்க, பேங்க் லாக்கர் மாதிரி வரிசையா பெட்டி, விவசாயி வீட்ல மருந்து வைக்காம அங்க வச்சுட்டு வேணுங்கிறப்ப எடுத்துக்கலாம். கடையில வாங்கின மருந்து வீட்டுக்குள்ளயே வராது, மனசு ஒடஞ்சு நிக்கிற அந்த அரை மணி நேரத்துல கைக்கெட்டுற தூரத்துல இருக்காது. ஊர்க்காரங்ககிட்ட பேசி அவங்க ஒத்துக்கிட்டுத்தான் செஞ்சாங்க, அதனாலதான் ஜனங்க அத பயன்படுத்தினாங்க. 2013ல ஆராய்ச்சிக் கட்டுரையா வந்துச்சு, அந்த ஊருங்கள்ல குறைஞ்சதுன்னு. சின்ன அளவுல பண்ணதுதான், அதையும் சொல்லணும். ஏன்னா இலங்கைல வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி கொடுத்து ரொம்பப் பெரிய அளவுல பாத்தாங்க, 2017ல முடிவு வந்துச்சு, பலன் இல்ல. அங்க பலன் கொடுத்தது வேற. 1995 வாக்குல லட்சத்துக்கு 47 பேருன்னு உலகத்துலயே மோசமான நிலமைல இருந்த நாடு, ரொம்ப கொடுமையான மருந்துகள ஒவ்வொண்ணா தடை பண்ணிக்கிட்டே வந்தாங்க, இருபது வருஷத்துல எழுபது சதவீதம் குறைஞ்சுது. விளைச்சலும் அதனால குறைஞ்சிடல.

நம்ம தமிழ்நாட்டுலயும் 2023 தொடக்கத்துல ஆறு மருந்துக்கு தடை போட்டாங்க. அறுபது நாளைக்கு. ஏன் அறுபது நாளுன்னா, 1968 பூச்சிக்கொல்லி சட்டத்துல மாநிலத்துக்கு அவ்ளோதான் அதிகாரம், வேணும்னா இன்னொரு முப்பது நாள் நீட்டிக்கலாம், நிரந்தரமா தடை பண்றது டெல்லி கைல. இத பைப்படில சொன்னப்ப தாத்தாவுக்கு கோவம் வந்துடுச்சு. "அப்ப அறுபதாம் நாளு முடிஞ்சா மறுநாள் கடைல வந்துடும்ல?"னு கேட்டாரு. வந்துடும் தாத்தான்னேன். "எந்த மருந்து இல்லாம எங்களால வெள்ளாம பண்ண முடியும், எது இல்லாம முடியாதுன்னு எங்களத்தான கேக்கணும், கம்பெனிக்காரனயா கேப்பாங்க"ன்னாரு. நான் பத்து நாளா உக்காந்து படிச்சத அவரு ஒரே மூச்சுல சொல்லிட்டுப் போயிட்டாரு.

எனக்கு இதுல பெரிய ஆச எல்லாம் இல்ல. தேசியத் திட்டத்த அடுத்த தடவ திருத்துறப்ப ஒவ்வொரு மாவட்டத்துலயும் பத்து கிராம சபைலயாவது இத பொருளா வைக்கணும், பொழச்சு வந்தவங்களும் இழந்த குடும்பமும் கமிட்டில சாட்சி சொல்ல மட்டும் வராம முடிவெடுக்கிற எடத்துல உக்காரணும், அப்புறம் இறந்து ஆறு மாசம் கழிச்சு, துக்கம் கொஞ்சம் ஆறின பொறகு, போலீஸ் இல்லாத ஒரு ஆளு, ஒரு கிராம சுகாதார செவிலியரோ யாரோ, வீட்டுக்கு வந்து பேரு ரகசியமா வச்சுக்கிட்டு நெஜமா என்ன நடந்துச்சுன்னு கேக்கணும். பிணவறை வாசல்ல நிக்கிறவன்கிட்ட உண்மைய எதிர்பாக்குறது பாவம்.

மனு எழுதிட்டேன், ரெண்டு பக்கம். நேத்து ராத்திரி சித்திக்கு போன்ல படிச்சுக் காட்டினேன், அவங்க சம்மதம் இல்லாம கொடுக்க எனக்கு மனசு வரல. சித்தப்பா பத்தின பத்தி வர்றப்ப கொஞ்சம் பூசி மெழுகி, பொருளாதார நெருக்கடியும் உடல் நலக் குறைவும்னு எழுதியிருந்தேன். தங்கச்சி மாமியார் வீட்ல யாராவது படிச்சா என்ன பண்றதுன்னு பயம். படிச்சு முடிச்சும் சித்தி ரொம்ப நேரம் பேசல, டி.வி சத்தம் மட்டும் கேட்டுச்சு. லைன் கட்டாயிடுச்சோன்னு நெனச்சேன்.

"உடம்புக்கு என்னா பாப்பா அவருக்கு, நல்லாத்தான இருந்தாரு"ன்னாங்க. "அத அடிச்சுட்டு ரெண்டு போர் போட்டாரு, ரெண்டுலயும் தண்ணி வரலன்னு எழுது. எவ்ளோ அடின்னும் எழுது. மொத போரு அறநூத்தி இருவது."

ரெண்டாவதோட கணக்கு தங்கச்சிகிட்ட இருக்காம், பில்லு எல்லாம் இன்னும் ட்ரங்க் பெட்டிலயே வச்சிருக்காங்களாம். ஞாயித்துக்கிழம போயி பாத்து எழுதிக்கிட்டு வரணும்.